மின்சாரம் எதுவரை வந்தது?

(புதுவையை அடுத்த காலாப்பட்டில் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



விசையை அழுத்தியும் விழித்துக்கொள்ளாத மடிக்கணினியை என்ன செய்வது என்பதே இன்று எனக்கு இடப்பட்ட பொருள். இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய மேடைகளில் இத்தகைய லௌகிக விஷயத்துக்கு இடமுண்டா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஆனால், 1985-ஆம் ஆண்டில் மத்தியப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற நாள் முதலாக ஆராய்ச்சி மாணவர்கள் பெருகிவிட்ட இவ்வூரில், பல ஆண்டு உழைப்பும் முழு ஆய்வேடும் கைப்பெட்டியளவான ஒரு யந்திரத்துக்குள் அடங்கிக் கிடக்க, அந்த யந்திரம் ஒரு காலைப்பொழுதில் மௌனம் சாதித்துவிட்டால் ஒருவருக்கு நேரும் மனக்கிலேசத்தை அருகிருந்து கண்டவர்கள், இதனை அற்ப விஷயமென்று ஒதுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அவ்வாறு மௌனமான யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாண்டிக்கு ஓடி, கடையில் வைத்தால், பெரும்பாலும் கிடைப்பது "போர்டு போச்சு சார்" என்னும் ஒற்றை வரித் தீர்ப்பு. தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் விசாரணை நடந்ததா என்பதே என் கேள்வி. சுவரிலுள்ள சுவிட்சுப் பெட்டியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் எந்த இடம்வரை வந்து, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை நிச்சயித்த பிறகன்றி ஒரு கணினியின் ஜீவனைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே நான் இன்று வற்புறுத்த விரும்பும் அபிப்பிராயம். ஊசுடு ஏரியின் கடைமடையில் நிலம் காய்ந்து கிடந்தால், உழவன் மண்ணைக் குறைகூறிக்கொண்டு நிற்பதில்லை. மதகு திறந்திருக்கிறதா, தலைவாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, எந்தக் கிளையில் அடைப்பு என்று வரப்பு வழியே நடந்து பார்க்கிறான். அந்த நடையைத்தான் நாமும் நடக்கப் போகிறோம்.

முதலில், விசையை அழுத்தும்போது உள்ளே நிகழ்வது யாதென்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மின்விளக்கின் சுவிட்சு மின்சாரத்தை நேராகவே திறந்துவிடுகிறது. கணினியின் விசையோ அவ்வாறு செய்வதில்லை. அது ஒரு விண்ணப்பத்தை மட்டுமே அனுப்புகிறது. அந்த விண்ணப்பத்தைப் பெறுவதற்காக, 'எம்பெடட் கண்ட்ரோலர்' என்று தொழிலாளர்கள் வழங்கும் சிறு சில்லு ஒன்று, கணினி அணைந்திருக்கும் காலத்திலும் 3.3 வோல்ட் மின்னழுத்தத்தில் கண்விழித்துக் காத்திருக்கிறது. அது விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால், அடாப்டரிலிருந்து வரும் 19 வோல்ட்டைப் படிப்படியாகப் பிரித்து, நினைவகத்துக்கு இவ்வளவு, மையச் செயலிக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் என்று முறைப்படி ஒவ்வொரு வழியாகத் திறந்து, எல்லா வழிகளும் நிலைபெற்றன என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, செயலியை முதல் கட்டளை வாசிக்க விடுகிறது. இவையெல்லாம் நாம் விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடும் காரியங்கள். இவற்றில் ஏதேனும் ஒரு படி தவறினாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றே: லேப்டாப் ஆன் ஆகவில்லை.

ஆனால் கூர்ந்து நோக்குவோர்க்கு அந்த மௌனத்திலும் பேதங்கள் உண்டு. சார்ஜரைச் செருகியும் ஒரு சிறு விளக்குக்கூட எரியாமலிருப்பது ஒரு நிலை; சார்ஜ் விளக்கு எரிந்தும் விசைக்கு மறுமொழி இல்லாமலிருப்பது மற்றொரு நிலை; விசிறி சுழன்று, விளக்குகள் எரிந்து, திரை மட்டும் இருண்டிருப்பது மூன்றாவது; எழுந்து சில விநாடிகளில் தானே அணைந்துபோவது நான்காவது. இந்நான்கில் எது நம் முன்னே இருக்கிறது என்று கண்ணால் கண்டு, காதால் கேட்டு, நிதானமாகக் குறித்துக்கொள்வதே பாதி சிகிச்சை. பிரத்தியட்சத்தை விட்டுவிட்டு அனுமானத்துக்குத் தாவுகிறவர்கள்தாம் நல்ல நினைவகத்தைக் கழற்றி எறிகிறவர்கள்.

ஒரு விளக்கும் எரியாத நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து தொடங்குங்கள். அடாப்டரைச் செருகிய அதே துளையில் கைப்பேசியின் சார்ஜரைச் செருகி அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பாதீர்கள். நேராகச் சுவரில் செருகுங்கள். இவ்வளவு எளிய பரிசோதனையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று சிரிக்கிறவர்கள், 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு இப்பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரமின்றிப் பல நாட்கள் கழிந்ததையும், மின்சாரம் திரும்பிய சமயங்களில் அழுத்தம் ஏறியும் இறங்கியும் அலைக்கழித்ததையும் நினைத்துக்கொள்ளலாம். அத்தகைய அலைச்சலை முதலில் தாங்கி முதலில் மாள்வது அடாப்டரே. அது மாண்டால் வருந்த வேண்டியதில்லை. அது மாண்டது பெரும்பாலும் கணினியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத்தான்.

அடாப்டரின் உயிரை அறிய, எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். அதனை டிசி வோல்ட் அளவையில் வைத்து, உருளை முனையின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் தொட்டால், அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் 19 அல்லது 19.5 வோல்ட்டை ஒட்டிய எண் வரவேண்டும். கம்பி முனையோடு சேரும் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். எண் வந்து வந்து மறைந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சில நிறுவனத்தாரின் முனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது அடாப்டர் தன்னுடையதுதானா என்று கணினி விசாரிக்கும் வழி. அந்த ஊசி வளைந்துவிட்டால் கணினி ஓடினாலும் பாட்டரியில் சார்ஜ் ஏறாது; அதை அறியாதவர்கள் பாட்டரியை மாற்றிப் பணத்தை விரயம் செய்வார்கள். டைப்-சி முனையோ வேறு இயல்புடையது. அதனை வெறுமனே அளந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. கணினியோடு இணைந்த பிறகு முதலில் 5 வோல்ட்டில் நின்று, இரு பக்கமும் பேசி உடன்பட்ட பின்னரே 20 வோல்ட்டுக்கு உயரும் சம்பிரதாயம் அதற்கு உண்டு. ஆகவேதான் கைப்பேசியின் சிறு சார்ஜரைச் செருகிவிட்டு, "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு, லேப்டாப்தான் டெட்" என்று முடிவுகட்டுவது பிசகாகிறது. ஓர் எச்சரிக்கை: அடாப்டரின் கூட்டை உடைத்துத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் உள்ளேயுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடுவதில்லை.

அடாப்டர் குற்றமற்றதென்று தெரிந்தும் விசைக்கு மறுமொழி இல்லையெனில், ஓர் உபாயம் உண்டு. சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரி கழற்றக்கூடியதானால் அதனையும் கழற்றிவிட்டு, விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகி எழுப்பிப் பார்ப்பது. மந்திரம்போலத் தோன்றும் இந்தக் காரியத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. மேலே சொன்ன அந்தக் காவல் சில்லும் ஒரு சிறு கணினியே. அதுவும் சில சமயம் நடுவழியில் ஸ்தம்பித்துவிடும். அதற்கு எந்நேரமும் மின்சாரம் கிடைத்துக்கொண்டிருப்பதால், அந்த ஸ்தம்பிப்பு தானாகத் தெளிவதற்கு வாய்ப்புக் குறைவு. எஞ்சிய மின்னை வடித்துவிட்டால் அது புதிதாகத் தொடங்குகிறது. பாட்டரி உள்ளேயே பொதிந்த வகைகளில் சிலவற்றுக்கு அடிப்புறத்தில் ஊசித்துளை ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லாவிடில் அடிமூடியைத் திறந்து பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் அந்த இடத்தில் நின்றுகொள்வது விவேகம்.

பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1991-இல் சோனி நிறுவனம் வியாபாரத்துக்குக் கொண்டுவந்ததும், அதன் மூலகர்த்தாக்களான குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் ரசாயன நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான லித்தியம் அயனி மின்கலம், பூரணமாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டும், ஏறத்தாழ மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அபாயமும் உடையது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர், காலியான பாட்டரியோடு கணினியை விடுதி அலமாரியில் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் அது தானே மேலும் வடிந்து, உள்ளேயிருக்கும் காப்புச் சுற்று அதனைத் துண்டித்துவிட்டிருக்கக்கூடும். அத்தகைய பாட்டரிக்கு மின்சாரம் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். செருகிய மறு நிமிடமே விசையை அழுத்திப் பார்த்துக் கைவிடாமல், ஒரு மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். தொடுதளம் மேலெழும்பியிருந்தாலும், அடிமூடி பிளந்திருந்தாலும், பாட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது.

திரை மட்டும் இருண்ட நிலையில் நான் அதிகம் தங்கப்போவதில்லை. கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மறுமொழி சொன்னால் யந்திரம் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் திரையே குற்றவாளி. டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாகப் பாய்ச்சினால் மங்கலாக எழுத்துகள் தெரியுமாயின் பின்னொளி போயிற்று. எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. கணினியின் விளக்கு இத்தனை முறை ஒரு நிறத்திலும் இத்தனை முறை வேறு நிறத்திலும் விட்டுவிட்டுச் சிமிட்டினால், அது யந்திரம் தன் நோயைத் தானே எண்ணிச் சொல்லும் பாஷை. எண்ணி எழுதிக்கொண்டு நிறுவனத்தாரின் கையேட்டைப் பாருங்கள். ராம் எனப்படும் நினைவகத்தைக் கழற்றி அழி ரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்துவது நம் கடைகளில் சர்வரோக நிவாரணியாக வழங்குகிறது. கழற்றிப் பொருத்துவதில் பயனுண்டு. ரப்பரில்தான் எனக்குச் சம்மதமில்லை. மெல்லிய பொன்பூச்சை அது தேய்த்துவிடுகிறது, துகளையும் விட்டுச் செல்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். மேலும், காந்த மூடியுள்ள கைப்பேசி உறையைக் கணினியின் கையோரத்தில் வைத்துவிட்டு, "டிஸ்ப்ளே வரலை" என்று புலம்புகிறவர்களும் உண்டு. மூடி சாத்தப்பட்டதா என்று கணினி அறிவது ஒரு காந்த உணரியால். அந்த உறை அதனை ஏமாற்றிவிடுகிறது.

நிற்க. இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்துவன. நம்முடைய ஊருக்கென்று ஒரு விசேஷ நோய் இருக்கிறது. அதற்குப் பெயர் உப்பு.

காலாப்பட்டு வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். பெரிய காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் கணபதிச்செட்டிக்குளத்திலும் வீட்டு ஜன்னல் கம்பிகள் துருவேறுவதைக் கண்டு நாம் வியப்பதில்லை. அதே காற்றுதான் கணினியின் விசிறி வழியே உள்ளே நுழைகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றிலேயே உலர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத உப்புத் துகளாகி, மதர்போர்டின் மேல் படிகின்றன. உலர்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது காற்றிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவும் விடியற்காலையும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அப்போது மயிரிழை இடைவெளியில் ஓடும் செம்புத் தடங்களுக்கிடையே மின்சாரம் கடத்தும் திரவப் படலம் ஒன்று உண்டாகிறது. நேர்மின் தடத்திலிருந்து செம்பு கரைந்து, எதிர்மின் தடத்தை நோக்கி நகர்ந்து, அங்கே கிளைகிளையாகப் படிந்து, ஒருநாள் இரண்டையும் தொடுத்துவிடுகிறது. அதைத்தான் "ஷார்ட்" என்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நேரம் பீடிகை போட்டேன். மின்னழுத்தம் இல்லாத தடத்தில் இந்தச் செம்புப் பயணம் நடவாது. கணினி அணைந்திருக்கும்போது பெரும்பாலான தடங்களில் மின்னழுத்தம் இல்லை; ஆனால் விசையின் விண்ணப்பத்துக்காகக் கண்விழித்திருக்கும் அந்த 3.3 வோல்ட் வழியிலும், அடாப்டரும் பாட்டரியும் வந்து சேரும் வாயிலிலும் எந்நேரமும் உண்டு. ஆகவே, பகலிரவு பாராது உப்பின் உபத்திரவத்துக்கு இலக்காவது எந்தச் சுற்றோ, விசையை மதித்து எழவேண்டியதும் அதே சுற்று. கடலோரத்துக் கணினி விசைக்கு மறுமொழி சொல்லாமற் போனால், செயலியையோ நினைவகத்தையோ சந்தேகிக்குமுன் இவ்விடங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. விடியற்காலையில் எழ மறுத்து, வெயில் ஏறி அறை காய்ந்த பிறகு எழுந்துகொள்ளும் கணினி உங்களிடம் இருந்தால், அது ஏறக்குறைய வாய்விட்டே தன் நோயைச் சொல்லிவிட்டது. அடுத்த மழைக்காலம்வரை காத்திராமல், திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

உலோகத்தை உப்புக்காற்று தின்னும் விதத்தை ஆராய்வதற்கு நம்மவர்களுக்கு வெளிநாடு போகவேண்டிய அவசியம் இருந்ததில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபத்துக் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி, ஆண்டுக்கணக்காக அளந்து வந்திருக்கிறார்கள். பாலங்களுக்கும் படகுகளுக்கும் பயன்பட்ட அந்த வித்தை, மாணவரின் மேசைமேல் இருக்கும் செம்புத் தடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. வேறுபாடு அளவில் மட்டுமே.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரு நாளுக்குள் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது, தரைத்தளத்து வீடுகளில் கட்டிலுக்கடியிலும் கீழ் அலமாரியிலும் இருந்தவை எவை என்பதை நீங்கள் அறிவீர்கள். நனைந்த கணினியைக் கண்டதும் மனிதர் செய்யும் முதற்காரியம், உயிர் இருக்கிறதா என்று விசையை அழுத்திப் பார்ப்பது. அந்த ஆவலே அதன் எமன். நனைதலால் மட்டும் கெடுவது குறைவு. நனைந்த நிலையில் மின்சாரம் பாய்வதால் கெடுவதே அதிகம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, கூடுமாயின் பாட்டரி இணைப்பையும் கழற்றி, கவிழ்த்து நீரை வடியவிட்டு, பிறகு தொழில் தெரிந்தவரிடம் சேர்ப்பியுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி நீரை வாங்குவதாகவே வைத்துக்கொண்டாலும், சேற்றையும் உப்பையும் வாங்காது. நீர் போனபின் தங்குகிற அவைதாம் வேலையைத் தொடர்கின்றன. நல்ல தொழிலாளி போர்டை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே மின்சாரம் கொடுப்பார்.

அத்தகைய தொழிலாளியை அறிந்துகொள்வது எப்படி? "எந்த இடம்வரை வோல்ட் வருது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜாக்கில் 19 வருது, அடுத்த மாஸ்ஃபெட் தாண்டலை, கெப்பாசிட்டர் ஒண்ணு ஷார்ட்" என்று அளந்த எண்ணோடு பதில் சொல்பவர், அவருடைய கடை எவ்வளவு குறுகிய சந்தில் இருந்தாலும், வித்துவான். குளிர்பதன அறையில் அமர்ந்து, மூடியைத் திறவாமலே முழு போர்டையும் மாற்றவேண்டும் என்பவரிடம், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சில பைசா விலையுள்ள ஒரு பீங்கான் மின்தேக்கி ஷார்ட் ஆகி 19 வோல்ட் வழியை முழுவதும் முடக்கிவிடுவது அபூர்வமல்ல. மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி, போர்டில் எந்தப் பொருள் சூடேறுகிறதென்று விரலாலோ வெப்பக் கேமராவாலோ கண்டுபிடித்து அதனை எடுத்துவிட்டால் யந்திரம் எழுந்துவிடும். சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் மரக்காணத்து மீனவரின் பெண்ணுக்கும் 2011 செப்டம்பர் முதலாகத் தமிழக அரசு விலையின்றிக் கொடுத்த மடிக்கணினிகளில் எத்தனையோ, இத்தகைய அற்பக் காரணத்தால் பரண்மேல் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாக, யந்திரம் மீளவே மீளாது என்று நியாயமாகத் தெரிந்துவிட்டாலும், உள்ளே இருக்கும் எழுத்து மாண்டுவிட்டதாகக் கொள்ளவேண்டாம். கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாயின், அதனை எடுத்து ஒரு சிறு உறையில் பொருத்தி, வேறொரு கணினியில் யுஎஸ்பி வழியாகப் படித்துவிடலாம். போர்டோடு ஒட்டவைத்த வகைகளில் அது இயலாது. அவற்றுக்குப் போர்டைப் பழுதுபார்ப்பதே வழி. இன்னொரு தடையும் உண்டு. இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் மறைகுறிப் பூட்டு, உடைமையாளர் அறியாமலே போடப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டுக்குரிய 48 இலக்க மீட்பு எண் இல்லாவிடில், கழற்றிய எஸ்எஸ்டி கையில் இருந்தும் ஆய்வேடு கைக்கு வராது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றிரவே அதனைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறோரிடத்தில் வைத்துவிடுங்கள். மல்டிமீட்டர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்; அடாப்டரைக் கையோடு எடுத்துவந்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.